சூத்திரத்தோடு நின்றுவிடலாமா பொறியியல் கல்வி?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களை இணைக்கும் சாலைகளில் காலை வேளையில் தொழிற்சாலைப் பேருந்துகளுக்கு இணையாகப் பொறியியல் கல்லூரிப் பேருந்துகளும் அணிவகுத்துச் செல்கின்றன. சென்னையின் மேற்குப் புறநகர்ப் பொருளாதாரத்தை இந்த இரு வகைப் பேருந்துகளும் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றன. ஒன்றில் செல்வோர் செய்யும் வேலைக்கும் மற்றொன்றில் செல்வோர் கற்கும் பாடத்துக்கும் இடையிலான தொடர்பு எத்தகையது என்பதுதான் நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

'சோஷலிச பாணி சமுதாயம்' என்ற தீர்மானத்தை 1955-இல் காங்கிரஸ் மாநாடு நிறைவேற்றியது ஆவடியில்தான். அடுத்த பத்தாண்டுகளுக்குள் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் அமைந்தன. பூந்தமல்லியைக் கடந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் சென்றால் ஸ்ரீபெரும்புதூர். அங்கு 2006-இல் தொடங்கப்பட்ட நோக்கியா கைப்பேசி ஆலை 2014-இல் உற்பத்தியை நிறுத்தியது. இன்று அதே வட்டாரத்தில் ஐபோன்கள் உருவாகின்றன. ஆலை வந்தது, போனது, வேறு ஆலை வந்தது. ஆனால், அன்றும் இன்றும் நம்மிடம் நிகழ்வது பெரும்பாலும் பாகங்களைக் கோக்கும் பணியே. கைப்பேசியை அலைபேசிக் கோபுரத்தோடு பேச வைக்கும் சில்லும், அதற்கான காப்புரிமையும் வெளியே இருந்தே வருகின்றன. லாபத்தின் பெரும்பங்கும் அங்கேயே தங்கிவிடுகிறது.

அந்தச் சில்லுக்குள் இருக்கும் அறிவுக்கு எண்மத் தொடர்பியல் என்று பெயர். மின்னணு, தொடர்பியல் பொறியியல் மாணவர்கள் அனைவரும் கற்கும் பாடம் இது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் தொடர்பியல் கோட்பாடு நான்காம் பருவத்திலும், எண்மத் தொடர்பியல் ஐந்தாம் பருவத்திலும் தனித்தனித் தாள்களாக இருந்தன. 2021-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் இரண்டும் ஒரே தாளாகச் சுருங்கிவிட்டன. புதிய துறைகளுக்கு இடம் தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அடித்தளத்தைக் குறுக்கி மாடி எழுப்புவது சரியா என்று கேட்கத்தான் வேண்டும்.

பொருளாதாரம் கற்பித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். இந்தப் பாடத்தின் மையத்தில் இருப்பதே ஒரு பொருளாதார உண்மைதான். 1948-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கிளாட் ஷானன், இரைச்சல் மிகுந்த தடத்திலும் ஓர் எல்லைக்கு உட்பட்ட வேகத்தில் தகவலைப் பிழையின்றி அனுப்ப இயலும் என்று நிறுவினார். அந்த எல்லையைத் தீர்மானிப்பவை இரண்டு: அலைவரிசையின் அகலம், இரைச்சலோடு ஒப்பிட்ட குறிப்பலையின் வலிமை.

ஓர் எடுத்துக்காட்டு. 10 லட்சம் ஹெர்ட்ஸ் அகலமுள்ள தடத்தில் குறிப்பலை இரைச்சலைப்போல் 1,000 மடங்கு வலிமையாக இருந்தால் நொடிக்கு ஏறத்தாழ 1 கோடி பிட் அனுப்பலாம். ஆற்றலைக் கூட்டி மட்டுமே இதை 2 கோடியாக்க விரும்பினால், இன்னும் 1,000 மடங்கு ஆற்றல் தேவை. மாறாக, அகலத்தை இரட்டித்தால் அதே ஆற்றலில் ஏறத்தாழ 1.8 கோடி பிட் கிடைக்கும். பொருளியலில் நாங்கள் கற்பித்த குறைந்து செல் விளைவு விதியின் அப்பட்டமான வடிவம் இது. 2022-இல் நடந்த 5ஜி அலைக்கற்றை ஏலத்தில் நிறுவனங்கள் ரூ.1.5 லட்சம் கோடி வரை தர முன்வந்ததன் காரணம் இந்தச் சூத்திரத்துக்குள் இருக்கிறது.

எங்கள் பகுதி மாணவர்கள் சிலரிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். சூத்திரத்தைப் பிழையின்றிச் சொல்கிறார்கள். அலைக்கற்றை ஏன் ஏலம் போகிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள். குறை அவர்களுடையதன்று. 2 மதிப்பெண் வினாக்களும் 13 மதிப்பெண் வினாக்களும் பழைய வினாத்தாள்களில் வரிசையாகக் கிடைக்கும்போது, புரிந்து படிப்பவருக்கும் உருப்போடுபவருக்கும் தேர்வு வேறுபாடு காட்டுவதில்லை.

இந்தப் பாடத்தை ஆழமாகக் கற்றால் என்ன கிடைக்கும்? துருக்கியின் பில்கென்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் எர்டால் அரிகான் 2009-இல் வெளியிட்ட பிழைதிருத்தக் குறியீட்டு முறை, இன்று 5ஜி தரநிலையின் ஒரு பகுதி. நம் சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் 1990-களில் உருவாக்கிய 'கார்டெக்ட்' கம்பியில்லாத் தொலைபேசி முறை கிராமங்களை எட்டியது. பிஎஸ்என்எல் நிறுவனத்தின் உள்நாட்டு 4ஜி தொழில்நுட்பம் 2025 செப்டம்பரில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆகவே, நம்மால் இயலாதது என்று எதுவும் இல்லை. இயன்றவர்களின் எண்ணிக்கைதான் போதவில்லை.

'எந்தப் பிரிவில் படித்தாலும் மென்பொருள் நிறுவனத்தில்தானே வேலை. இவ்வளவு ஆழம் எதற்கு?' என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் உண்டு. கல்விக் கடன் வாங்கிப் படிக்க வைக்கும் குடும்பத்துக்கு முதல் சம்பளமே முதன்மை. ஆனால், எளிய நிரல்களைச் செயற்கை நுண்ணறிவே எழுதத் தொடங்கிவிட்ட காலம் இது. மேலோட்டமான திறனின் சந்தை மதிப்பு விரைவில் தேயும். அடிப்படை அறிவின் மதிப்பு நிலைக்கும்.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. முதலாவதாக, எண்மத் தொடர்பியல் மீண்டும் தனித் தாளாக வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வொரு தேர்விலும் முன்பு கேட்கப்படாத, சிந்தித்து விடையளிக்க வேண்டிய ஒரு வினாவாவது கட்டாயமாக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, செய்முறைக் கல்வி. 'ஜிஎன்யூ ரேடியோ' என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு கணினியின் ஒலிபெருக்கியிலிருந்து மற்றொரு கணினியின் ஒலிவாங்கிக்கு ஒரு வரிச் செய்தியை அனுப்பச் சொன்னாலே, இரைச்சல் என்ன செய்யும், பிழைதிருத்தம் எப்படிக் காக்கும் என்பதை மாணவர் தம் கண்ணால் காண்பார். நான்காவதாக, இவற்றைக் கற்பிக்கும் இளம் ஆசிரியர்களுக்கு உரிய ஊதியமும், சேர்க்கைக்கு ஆள் பிடிக்கும் பணியிலிருந்து விடுதலையும் வேண்டும். இது நிறைவேறாமல் முதல் மூன்றும் பயன் தரா.

சாலை, மின்சாரம், வரிச்சலுகை ஆகியவற்றைக் காட்டி ஆலைகளை அழைத்து வந்துவிடலாம். அவை என்றும் நிலைத்திருக்கும் என்ற உறுதி இல்லை என்பதற்கு ஸ்ரீபெரும்புதூரே சாட்சி. வகுப்பறையில் ஊன்றிய அறிவை எவராலும் பெயர்த்தெடுத்துச் செல்ல இயலாது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் படிக்கும் பிள்ளைகள் பிறர் வடிவமைத்த கருவியைக் கோப்பவர்களாக மட்டும் நின்றுவிடாமல், வடிவமைப்பவர்களாகவும் உயர வேண்டுமானால், முதலீடு தொடங்க வேண்டிய இடம் அந்த வகுப்பறைதான்.