கடல் தேங்காயும் மாந்தர் கடமையும்

உலகிலுள்ள விதைகளுள் சில, தூசியினும் நுண்ணியவை. காற்றில் மிதந்து செல்லும் அளவுக்கு எடையற்றவை. மிகப் பெரிய விதையோ, ஒருவர் இரு கைகளாலும் அணைத்துத் தூக்க வேண்டிய அளவினது. அரை மீட்டர் நீளமும் 18 கிலோ வரை எடையும் உடைய அவ்விதை, கடல் தேங்காய் எனப்படும் பனையினத்து நெற்றாகும். இரு தேங்காய்கள் ஒட்டிப் பிறந்தாற் போன்ற தோற்றம் உடைமையால் அதனை இரட்டைத் தேங்காய் என்றும் கூறுவர். தமிழகத்து நாட்டு மருந்துக் கடைகளில் கடல் தேங்காய் என்னும் பெயர் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ஆயினும் அந்நெற்றை ஈனும் மரத்தைக் கண்டவர் தமிழகத்தில் மிகச் சிலரே. அம்மரம் அழியும் நிலையை நெருங்கி நிற்கிறது என்பதை அறிந்தவர் அவரினும் சிலர்.

முற்காலத்தில் இந்நெற்று எங்கே விளைகிறது என்பதை உலகம் அறியவில்லை. மாலத்தீவின் கரையிலும் இந்தியாவின் கரையிலும் எப்போதேனும் ஒன்று அலையோடு வந்து ஒதுங்கும். நிலத்தில் எங்கும் காணப்படாத காய் கடலில் மிதந்து வருதலைக் கண்ட மக்கள், இது கடலின் அடியில் வளரும் மரத்தின் காய் என்று நம்பினர். கடல் தேங்காய் என்ற பெயர் பிறந்தது இவ்வாறே. மாலத்தீவில் ஒதுங்கிய நெற்று அரசனுக்கே உரியதாயிற்று. நஞ்சை முறிக்கும் ஆற்றல் இதன் ஓட்டுக்கு உண்டு என்ற நம்பிக்கை ஐரோப்பிய அரசர்களையும் பற்றிக்கொண்டது. இரண்டாம் ருடால்ஃப் என்னும் பேரரசர்க்காக 1602-இல் இந்நெற்றைக் கொண்டு செய்யப்பெற்ற அழகிய கெண்டி, வியன்னா நகரத்து அருங்காட்சியகத்தில் உள்ளது. அரசர்க்குக் கெண்டியாகிய அதே ஓடு, இந்திய நாட்டுத் துறவியர்க்குக் கமண்டலமாகவும் இரவலர்க்குப் பிச்சைப் பாத்திரமாகவும் பயன்பட்டது.

1768-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுக் கடலோடிகள் இந்துமாக் கடலில் உள்ள செஷல்ஸ் தீவுகளை ஆராய்ந்தனர். அத்தீவுகளுள் ஒன்றாகிய பிராஸ்லினில் இம்மரங்கள் காடாக நிற்பதை அவர்கள் கண்டனர். பல நூற்றாண்டுகளாக மறைந்திருந்த செய்தி அன்று வெளியாயிற்று. அடுத்த ஆண்டே ஒரு கப்பல் நிறைய நெற்றுகளை ஏற்றி இந்தியாவிற்கு விற்கக் கொணர்ந்தனர். அரிய பொருள் அங்காடியில் மலிந்தது, விலையும் வீழ்ந்தது. இம்மரம் இருக்கும் இடத்தை மனிதன் அறிந்தவுடன் முதலில் செய்த செயல் இதுவே. மரத்தைப் பற்றி அறிய வேண்டும் என்ற எண்ணத்திற்கு முன்னே, அதனை விற்க வேண்டும் என்ற எண்ணம் வந்து நின்றது.

இம்மரம் இயற்கையாக வளரும் இடம் உலகில் இரண்டே. பிராஸ்லின் தீவும், அதன் அருகிலுள்ள கூரியூஸ் என்னும் சிறு தீவுமே அவை. கடலில் மிதந்து பல நாடுகளை அடைந்த நெற்று, வேறு எங்கும் மரமாக வளராதது ஏன் என்ற ஐயம் எழலாம். உயிருள்ள நெற்று நீரில் மிதவாது. தன் எடையால் அமிழ்ந்துவிடும். உள்ளீடு அழுகி வெறும் கூடான பின்னரே அது மிதக்கும். ஆதலின் அக்கரை சேர்ந்தவை யாவும் முளைக்கும் ஆற்றலை இழந்தவையே. அவற்றின் பிறப்பிடம் மாலத்தீவே எனக் கருதி அறிஞர் இட்ட 'லோடோய்சியா மால்டிவிக்கா' என்ற பெயர் இன்றும் நிலவுகிறது. பெயரில் மட்டுமே மாலத்தீவு உண்டு. பிறந்த தீவைவிட்டு வெளியேற இயலாத மரம் இது. அங்கே அழிந்தால், தானே பரவி வளர அதற்கு வேறு இடம் இல்லை.

பனையை நட்டவன் பார்த்துவிட்டுச் சாவான், தென்னையை நட்டவன் தின்றுவிட்டுச் சாவான் என்பது தமிழ்நாட்டுப் பழமொழி. கடல் தேங்காயை நட்டவனோ அதன் முதற்பூவைக் காண்பதற்கே நெடுங்காலம் காத்திருத்தல் வேண்டும். மண்ணில் விழுந்த நெற்று முளைத்து வெளிவர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும். மரம் பூக்க இருபது முதல் நாற்பது ஆண்டுகள் வரை செல்லும். பூத்த பின்னரும் ஒரு காய் முற்றுவதற்கு ஆறு அல்லது ஏழு ஆண்டுகள் வேண்டும். மேலும், இவ்வினத்தில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் மரமே காய்க்கும். அதற்கும் ஆண் மரத்தின் மகரந்தம் வந்து சேர வேண்டும். கொல்கத்தாவை அடுத்த ஹவுராத் தாவரவியற் பூங்காவில் 1894-இல் ஒரு பெண் மரம் நடப்பட்டது. அருகில் ஆண் மரம் இல்லாமையால் அது காயாதிருந்தது. 2013-இல் தாய்லாந்திலிருந்து மகரந்தம் கொணர்ந்து சேர்த்த பின்னரே அது காய்த்தது. நட்டவர் மறைந்து பல தலைமுறைகள் கடந்த பின் நிகழ்ந்த நிகழ்ச்சி இது. இத்துணைக் காலம் கொண்டு இயற்கை ஆக்கும் ஒரு நெற்றை வெட்டி எடுக்க ஒருவனுக்குச் சில நிமிடங்களே போதும். மரத்தின் காலமும் மனிதனின் அவசரமும் இவ்வளவு மாறுபட்டிருத்தலே இம்மரத்திற்கு நேர்ந்த பெருந்துன்பம்.

இம்மரம் வாழும் முறையும் வியப்பிற்குரியது. பிராஸ்லின் தீவின் மண் சத்துக் குறைந்த மண். அங்கே இவ்வளவு பெரிய விதையை ஒரு மரம் எவ்வாறு ஆக்குகிறது? அதன் இலைகள் பத்து மீட்டர் வரை நீள்பவை. விசிறி போல் மடிப்பும் பள்ளமும் உடையவை. பெய்யும் மழைநீரையும், மேலிருந்து விழும் சருகு, மகரந்தம், பறவை எச்சம் முதலியவற்றையும் இவ்விலைகள் ஏந்தி, காம்பின் வழியே அடிமரத்திற்குச் செலுத்துகின்றன. அதனால் மரத்தடி மண் சுற்றுப்புற மண்ணைவிட வளம் மிக்கதாகின்றது. 2015-இல் வெளிவந்த ஆராய்ச்சி இதனை விளக்கியது. தாயின் காலடியில் விழும் நெற்று, குழாய் போன்ற நீண்ட தண்டு ஒன்றை மண்ணுக்குள் செலுத்திச் சற்றுத் தள்ளி முளைக்கிறது. தாய் சேர்த்து வைத்த வளத்தைப் பிள்ளை பெறுகின்றது. ஆகவே மரத்தடியில் கிடக்கும் நெற்றைக் கேட்பாரற்ற பொருள் என்று எண்ணுதல் தவறு. அது தன் பிறப்புரிமையாகிய இடத்தில் காத்துக் கிடக்கும் அடுத்த தலைமுறை.

பிராஸ்லின் தீவின் நடுவில் 'வல்லே தெ மே' எனப்படும் மே பள்ளத்தாக்கு உள்ளது. அதன் பரப்பு 20 ஹெக்டேருக்கும் சற்றுக் குறைவு. இம்மரங்கள் அடர்ந்த அக்காட்டை 1881-இல் கண்ட ஆங்கிலப் படைத்தலைவர் கார்டன், விவிலியம் கூறும் ஏதேன் தோட்டம் இதுவே என்று நம்பினார். செஷல்ஸ் தீவுகளுக்கே உரிய ஆறு பனையினங்களும் அங்கே ஒருங்கே வளர்கின்றன. பிராஸ்லினில் மட்டுமே வாழும் கருங்கிளி, பட்டுப்போன பனைகளின் பொந்துகளில் கூடு கட்டுகிறது. ஒரு மரம் அழிந்தால் என்ன குறை என்று வினவுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். இம்மரம் வீழின், அதனை அண்டி வாழும் உயிர்களும் வாழ்விழக்கும்.

1966-இல் அப்பள்ளத்தாக்கு காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. 1983-இல் உலகப் பாரம்பரிய இடங்களுள் ஒன்றாகவும் சேர்க்கப்பட்டது. கடல் தேங்காயைப் பேணும் சட்டத்தைச் செஷல்ஸ் அரசு 1978-இல் இயற்றியது. எண்ணிட்ட சீட்டும் சான்றும் இல்லாத நெற்றை நாட்டைவிட்டு எடுத்துச் செல்லலாகாது. 2010-இல் அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையிலும் இம்மரம் இடம் பெற்றது. இவ்வளவு காவல் இருந்தும் அச்சம் நீங்கவில்லை. முதிர்ந்த மரங்களாக எஞ்சியவை ஏறத்தாழ 8,000 என்றே கணக்கிடப்பட்டுள்ளது. பிராஸ்லினை அடுத்த சில குறுந்தீவுகளில் இருந்த மரங்கள் முன்னரே மறைந்தன. ஒருபுறம் காட்டுத்தீ அச்சுறுத்துகிறது. மறுபுறம் திருடர் இரவில் புகுந்து காய்களை வெட்டிச் செல்கின்றனர். பருப்பை உலர்த்திப் பொடியாக்கி மருந்தென வெளிநாடுகளுக்கு விற்பதே அவர்தம் நோக்கம். நெற்றுகள் பெரிதும் அகற்றப்படும் இடங்களில் முதிய மரங்கள் நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றின் அடியில் இளங்கன்றுகளோ அருகிவிட்டன. பார்ப்பவர்க்குக் காடு செழித்திருப்பதாகத் தோன்றும். பிள்ளைகள் இல்லாத ஊர் எத்துணைக் காலம் ஊராக இருக்கும்?

ஏழைத் தீவினர் பிழைப்பைத் தடுக்கலாமா என்று சிலர் கேட்கலாம். கேட்கத் தகுந்த கேள்வியே இது. செஷல்ஸ் நாட்டினர் தம் அரசச் சின்னத்திலேயே இம்மரத்தைப் பொறித்துப் போற்றுபவர். அதனைக் காண வரும் பயணிகளால் வருவாயும் பெறுபவர். நெற்று விற்றால் ஒரு முறையே பணம் வரும்; மரம் நின்றால் ஆண்டுதோறும் வரும். ஆகவே காட்டைக் காப்பதே அவர்தம் பிழைப்பைக் காப்பதும் ஆகும். விளைந்த நெற்றுகளுள் காட்டிற்கு வேண்டியவற்றை முதலில் நட்டுவிட்டு, எஞ்சியவற்றின் ஓட்டை அளவோடு விற்பதில் தவறில்லை. விதைநெல்லை எடுத்து வைத்த பின்னரே உண்ணும் நெல்லை அளப்பது உழவர் வழக்கம் அன்றோ? அப்பள்ளத்தாக்கைப் பேணும் அறநிறுவனத்தார் இப்போது நெற்றுகளைக் காட்டிலேயே நட்டு வருகின்றனர். இதுவே நெறியான வழி.

இன்னும் சிலர், உரிய விலை கொடுத்தே வாங்குகிறோம், இதில் குற்றம் என்ன என்பர். விலை, விற்பவனுக்குச் சேரும், மரத்திற்குச் சேராது. எவ்வளவு பொன்னைக் கொட்டினும் ஏழாண்டில் முற்றும் காயை ஏழு நாளில் முற்றச் செய்தல் இயலாது. மேலும் இப்பருப்புக்கு இருப்பதாகக் கூறப்படும் தனிப்பெரும் மருத்துவ ஆற்றல் அறிவியல் முறையில் நிலைநாட்டப்படவில்லை. நஞ்சை முறிக்கும் என்று அரசர்கள் நம்பிய நம்பிக்கை பொய்த்தது. இன்றைய நம்பிக்கையையும் அவ்வாறே ஆராய்ந்து கொள்ளல் வேண்டும். உறுதிப்படாத ஒரு பயனுக்காக, மீண்டும் பெற இயலாத ஓர் உயிரினத்தை இழத்தல் அறிவுடைமை ஆகுமா?

இம்மரத்தை வெறுத்து அழித்தவர் எவரும் இலர். அதன் அருமையை வியந்து, அதனைத் தம் வீட்டில் வைத்துக்கொள்ள விரும்பியவரே அதனைக் குறைத்தனர். ஆகவே அதனைக் காக்கும் கடமை செஷல்ஸ் அரசுக்கு மட்டும் உரியதன்று. கடல் கடந்து வாங்குவோர்க்கும் உரியது. வாங்குவார் இல்லையெனில் திருடுவாரும் இரார். சான்று இல்லாத நெற்றையும், எங்கிருந்து வந்தது என்று சொல்ல இயலாத பருப்பையும் மறுத்தல் எவர்க்கும் எளிய செயல். அதற்குப் பொருட்செலவு இல்லை, பெருமுயற்சியும் வேண்டியதில்லை. ஓர் அரிய பொருளைத் தனக்கென்று கொள்வதினும், அது பிறந்த இடத்திலேயே வாழ விடுதல் உயர்ந்த அன்பு. அவ்வன்பை மாந்தர் கைக்கொள்வாராயின், இன்று மே பள்ளத்தாக்கில் விழும் நெற்று, இனிப் பிறக்கப்போகும் பேரப்பிள்ளைகளின் காலத்தில் பூத்து நிற்கும்.