பத்தாவது ஆள்

மட்டாஞ்சேரி யூதத் தெருவின் கோடியில் 1568இல் எழுந்த பரதேசி யூதப் பள்ளியில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் ஒரு தலைக்கணக்கு நடந்து வந்தது. முழு வழிபாடு நடத்தப் பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். இதற்கு மின்யான் என்று பெயர். ஒன்பது பேர் பழுத்த பக்தர்களாகவே இருந்தாலும் பலனில்லை. சில ஜெபங்களை விட்டுவிட வேண்டியதுதான். இறந்த தாய்க்காக மகன் சொல்ல வேண்டிய கத்திஷ் ஜெபமும் அவற்றில் ஒன்று.

இஸ்ரேல் உருவான பிறகு 1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் மூட்டை கட்டினார்கள். மட்டாஞ்சேரியின் பரதேசிக் குடும்பங்கள் சற்றுத் தாமதித்து, ஒவ்வொன்றாகக் கிளம்பின. இந்திரா காந்தி கலந்துகொண்ட 1968ஆம் வருடத்து நானூறாம் ஆண்டு விழா வரை தெருவில் சந்தடி இருந்தது. பிறகு தலைக்கணக்கு ஒன்பதிலும் எட்டிலும் நிற்க ஆரம்பித்தது. கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பெல்ஜியம் சரவிளக்கையும் சீனத்துத் தரைக்கல்லையும் வேடிக்கை பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர் யூதராக இருந்துவிட்டால் போதும், அவர்தான் அன்றைக்குப் பத்தாவது ஆள்.

இப்படி ஊர் ஊராகத் திரியும் பத்தாவது ஆட்களைத் தேடிப்போவதையே வாழ்க்கையாகக் கொண்ட தம்பதிகள் உண்டு. நியூயார்க்கின் புரூக்ளினில் தலைமையகம் வைத்திருக்கும் ஹபாத் இயக்கம் அனுப்பும் தூதர்கள் அவர்கள். 1951இல் தலைமை ஏற்று, 1994இல் காலமான மெனாஹெம் மெண்டல் ஷ்னீர்சன், தூதராக ஓர் ஆணை மட்டும் அனுப்பாமல் தம்பதியாகவே அனுப்பும் முறையை உலகெங்கும் பரப்பினார். புதுக் கல்யாணமான இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுக்காரர்கள், பெரும்பாலும் ஆயுள் முழுவதற்கும் என்று போகிறார்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் உதவி கிடைக்கும். அதற்குப் பிறகு வாடகையும் அரிசியும் அவரவர் சாமர்த்தியம். இந்தியாவில் மும்பை, கோவா என்று தொடங்கி கொச்சியிலும் அவர்கள் வீடு எடுத்ததுண்டு.

மிஷனரி என்றதும் தெருமுனையில் துண்டுப் பிரசுரம் கொடுப்பவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். பிற மதத்தாரை இவர்கள் அழைப்பதில்லை. தானாக வந்து கேட்டாலும் உற்சாகப்படுத்துவதில்லை. இவர்கள் வலைவீசுவது சொந்த ஜனத்துக்குத்தான். முக்கியமாக, கட்டாய ராணுவ சேவை முடித்த கையோடு முதுகுப் பையுடன் இந்தியா வந்து கோவாவிலும் குலு பள்ளத்தாக்கிலும் மாதக்கணக்கில் சுற்றும் இஸ்ரேலிய இளைஞர்களுக்கு. அவர்களில் பலருக்குக் கடவுள் பேச்சே அலர்ஜி. ஆனால் அம்மா சமையலின் ஞாபகம் யாரை விட்டது? ஹபாத் வீட்டின் அஸ்திவாரமே அதுதான்.

ஆகவே இந்த ஊழியத்தின் பெரும்பகுதி நடப்பது அடுப்படியில். நம்மூர் அக்கிரகாரத்துப் பாட்டிகள் பார்த்த பத்து, எச்சில், மடி எல்லாம் இந்தச் சமையலறைக்கு முன்னால் சாதாரணம். பாலுக்கும் இறைச்சிக்கும் தனித்தனிப் பாத்திரம், தனித்தனித் தொட்டி. கீரையையும் காலிஃபிளவரையும் பூச்சி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். கோழியை விதி தெரிந்தவர் சிறு பிசிறும் இல்லாத கத்தியால் அறுத்து, ரத்தம் போக உப்பில் ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கழுவ வேண்டும். செதிலும் துடுப்பும் உள்ள மீன் மட்டுமே ஆகும். கொச்சிக் கடற்கரையில் சீன வலைகளின் அருகே கூடை கூடையாக விற்கும் இறாலும் நண்டும் கணவாயும் விலக்கு. நல்லவேளையாகக் கரிமீனும் மத்தியும் அயிலையும் தேறிவிடுகின்றன.

வெள்ளிக்கிழமை விடியும்போதே ஷபாத் ரொட்டிக்கு மாவு பிசைவது தொடங்கிவிடும். சூரியன் மறைய 18 நிமிடத்துக்கு முன் விளக்கேற்றியாக வேண்டும். அதற்கப்புறம் சனிக்கிழமை இரவு நட்சத்திரம் தெரியும் வரை தீ மூட்டுவதோ சுவிட்ச் தொடுவதோ கிடையாது. கொச்சியில் பொழுது சாய்வது வருடம் முழுக்க ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில். அதற்குள் எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமலே சமைத்து முடிக்க வேண்டும். முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வரும் பழக்கம் முதுகுப்பைக்காரர்களுக்குக் கிடையாது.

கைக்கு உதவியாக வருபவர்கள் இருபது வயதை ஒட்டிய வேதபாடசாலை மாணவர்கள். கோடையிலும் பஸ்கா பண்டிகையிலும் இரண்டிரண்டு பேராக அனுப்பப்படுகிறார்கள். கிடைத்த இடத்தில் படுக்கை. பகலெல்லாம் விடுதிகளிலும் தெருவிலும் யூதப் பயணிகளைத் தேடி அலைவது, ஜெபத்தில் கையிலும் நெற்றியிலும் பட்டை கட்டிக்கொள்ள அவர்களைச் சம்மதிக்க வைப்பது, திரும்பி வந்ததும் மூட்டை தூக்குவது, பாத்திரம் கழுவுவது என்று ஓடுகிறது. 1989 முதல் காட்மாண்டுவில் நடக்கும் பஸ்கா விருந்தில் ஆயிரம் பேருக்கு மேல் உட்காருவதற்கு இந்தப் பையன்களின் முதுகுதான் காரணம். அவர்களைவிட நாலைந்து வயதே மூத்த தம்பதி இவர்களுக்குத் தாய் தகப்பன் ஸ்தானம். தம்பதியின் சொந்தக் குழந்தைகளோ உறவுக்காரர் முகம் காணாமல், தூதர் குழந்தைகளுக்கென்றே உள்ள இணையப் பள்ளியில் படித்து வளர்கிறார்கள்.

இந்த வாழ்க்கையை இந்தியா அறிந்துகொண்டது துயரமான வழியில். 2003இல் மும்பை வந்த கவ்ரியேல், ரிவ்கா ஹோல்ட்ஸ்பெர்க் தம்பதி கொலாபாவில் நரிமன் இல்லத்தை நடத்தினார்கள். கவ்ரியேல் கோழி அறுப்பதிலும் தேர்ச்சி பெற்றவர்; வருபவர்களுக்கு ரிவ்கா சமைத்தார். கதவு யாருக்கும் திறந்திருந்தது. 2008 நவம்பர் 26 இரவு துப்பாக்கியோடு வந்தவர்களுக்கும் அது வசதியாகப் போயிற்று. தம்பதி உள்பட ஆறு பேர் அந்த வீட்டில் கொல்லப்பட்டனர். கவ்ரியேலுக்கு 29 வயது, கர்ப்பமாக இருந்த ரிவ்காவுக்கு 28. இரண்டு வயதுகூட நிரம்பாத மகன் மோஷேயை ஆயா சாண்ட்ரா சாமுவேல் தூக்கிக்கொண்டு வெளியேறினார். வேறு தம்பதி வந்து, 2014இல் அதே வீடு மறுபடி திறந்தது.

மட்டாஞ்சேரிக்குத் திரும்பினால், பழைய தெருவும் புதிய தூதர்களும் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்தியவை அல்ல. முறையாகப் பட்டம் பெற்ற ரப்பி என்ற வழக்கமே கொச்சியில் வேர்விடவில்லை. பெரியவர்களே வழிபாட்டை நடத்தினார்கள். கொச்சி யூதப் பெண்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்த மலையாளப் பாட்டுகளை ஆண்கள் இருக்கும் சபையிலேயே வாய்விட்டுப் பாடினார்கள். ஹபாத் ஒழுங்கில் அந்நிய ஆண் கேட்கப் பெண் பாடுவது கூடாது. கொச்சிப் பள்ளிகளில் மாடியில், பெண்கள் பகுதியை ஒட்டியே இன்னொரு வாசிப்பு மேடை உண்டு. விசேஷ நாளில் வேதச் சுருள் பெண்களுக்குப் பக்கத்தில் படிக்கப்பட்டது. நியூயார்க்கிலிருந்து வந்தவர்கள் கற்றுக்கொடுக்க மட்டுமல்ல, கற்றுக்கொள்ளவும் அங்கே விஷயம் இருந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் இரு தரப்பும் ஒன்று. பஸ்காவுக்கு வாரக்கணக்கில் வீட்டைக் கழுவி, அரிசியை மணி மணியாகப் பொறுக்கிய மட்டாஞ்சேரிப் பெண்மணியும் சரி, முன்பின் தெரியாத முப்பது பேருக்கு ரொட்டி சுடும் தூதரின் மனைவியும் சரி, அந்தப் பத்தில் சேர்த்தி இல்லை. பண்டிகையைத் தாங்கிப் பிடிக்கிறவளை எண்ணிக்கையில் சேர்க்காத கணக்கு விசித்திரமானது. பள்ளியில் ஆள் குறைந்த பிறகும் மட்டாஞ்சேரி வீடுகளில் வெள்ளிக்கிழமை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

2019 ஆகஸ்டில் சாரா கோஹன் 96 வயதில் காலமானார். ஐந்தாண்டு கழித்து, அதே ஆகஸ்டில், குயீனி ஹலேகுவா 89 வயதில். பரதேசி யூதர்களில் தெருவில் மிஞ்சியது ஒரே ஒருவர் என்று அப்போது செய்தி வந்தது. எதிர்க்கரை எர்ணாகுளத்து மலபார் யூதர்களைக் கூப்பிட்டும் வழிப்போக்கர்களைச் சேர்த்தும்தான் இனி பத்து.

சாரா கோஹன் யூதத் தெருவில் தையல் வேலைப்பாட்டுக் கடை வைத்திருந்தார். முதுமையில் அவரையும் கடையையும் கவனித்துக்கொண்டவர் ஒரு முஸ்லிம் அன்பர். கடையில் தொப்பிகளோடு தொங்கிய சரக்கு, வெள்ளிக்கிழமை மேஜையில் ரொட்டியை மூடும் பூத்தையல் துணி. வாங்கிப்போனவர்களில் பெரும்பாலோர் வெளியூர்ப் பயணிகள்.