சுவருக்குள் மறையும் வேலைக்கும் படிப்பு வேண்டும்

போலிடெக்னிக்கில் மின்பொறியியல் டிப்ளோமா படிக்கிறேன் என்றதும் உறவினர் ஒருவர் கேட்டார்: "வயர் இழுக்கவா இவ்வளவு படிப்பு?" அன்று பதில் தெரியாமல் சிரித்து வைத்தேன். சென்ற விடுமுறையில் எங்கள் வீட்டுப் பழைய வயரிங்கை மாற்றியபோதுதான் பதில் கிடைத்தது.

எங்களுடையது தாமானில் உள்ள பழைய டெரஸ் வீடு. பின்பக்கம் நீட்டிக் கட்டிய அறையின் தடுப்புச் சுவர் செங்கல் அல்ல. இரு பக்கமும் ஜிப்சம் பலகை, நடுவில் வெக்கையும் சத்தமும் வராமலிருக்க ராக்வூல் பஞ்சு. அந்த அறையில்தான் அம்மா தீபாவளிக்கு பிஸ்கட் ஆர்டர் செய்வார். 2,000 வாட் ஓவன்கள் இரண்டு, இரவு வெகு நேரம் ஓடும்.

மாமா பதிவு பெற்ற வயர்மேன். மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு, பஞ்சுக்குள்ளிருந்து பழைய கேபிளை உருவினார். வெள்ளையாக இருக்க வேண்டிய மேலுறை பழுப்பேறி, வளைத்ததும் வெடித்தது. பல வருடங்களுக்கு முன், தெரிந்தவர் ஒருவர் மலிவாகச் செய்துகொடுத்த வேலை அது.

"அதே 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிளைப் புதிதாகப் போட்டுவிடலாமே?" என்றேன்.

"போடலாம். சூடு எங்கே போகும்?" என்று கேட்டார் மாமா.

படிவம் 5-இல் படித்த இயற்பியல் நினைவுக்கு வந்தது. கேபிளில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. வெளிச்சுவரில் பொருத்திய கேபிளின் சூடு காற்றில் கலந்துவிடும். பஞ்சுக்கு நடுவே கிடக்கும் கேபிள், போர்வைக்குள் படுத்த ஆளைப் போல. பி.எஸ். 7671 என்ற பிரிட்டிஷ் விதிநூலின்படி, சுவர்மேல் பொருத்திய 2.5 தட்டைக் கேபிள் 27 ஆம்பியர் தாங்கும். முழுக்கப் பஞ்சு சூழ்ந்தால் 13.5 ஆம்பியர்தான். சரிபாதி!

இப்போது கணக்குப் போடுங்கள். இரண்டு ஓவன்களும் சேர்ந்து 4,000 வாட். 230 வோல்ட்டில் அது 17 ஆம்பியருக்கும் மேல். கேபிளின் எல்லை தாண்டிவிட்டது. ஆனால் எங்கள் பிரேக்கரோ 20 ஆம்பியர். அதன் கணக்கில் எல்லாம் சரி, அதனால் அது விழவே விழாது. விளக்கு எரிந்தது, ஓவன் சுட்டது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சுவருக்குள் கேபிள் மட்டும் வெந்துகொண்டிருந்தது, அம்மா அந்தச் சுவரருகே நின்று வேலை செய்துகொண்டிருந்தார்.

மாமா பஞ்சுச் சுவரையே தவிர்த்தார். பக்கத்துச் செங்கல் சுவரை வெட்டி, பி.வி.சி. குழாய் பதித்து, ஒவ்வோர் ஓவனுக்கும் தனி லைனும் தனி பிரேக்கரும் கொடுத்தார். ஒரு நாள் கூடுதல் வேலை, வீடெல்லாம் தூசு. பூசி மூடுவதற்கு முன், எந்த இடத்தில் குழாய் போகிறது என்று அளந்து படமும் எடுத்து வைத்தார். பிறகு மெக்கர் வைத்துச் சோதித்தார்.

சிமெண்டு பூசிய பிறகு நல்ல வேலையும் மோசமான வேலையும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால்தான் நம் நாட்டில் வயர்மேனுக்கு எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் கட்டாயம். அதைப் பெற விதிகளும் கணக்கும் படித்தாக வேண்டும்.

ஆனால் நம் வீடுகளில் தொழிற்கல்லூரி என்றாலே, "எஸ்.பி.எம். சரியாக எடுக்கவில்லையா?" என்று கேட்கிறோம். நன்றாகப் படிக்கும் பிள்ளை அந்தப் பக்கம் போகக்கூடாது என்றும் நினைக்கிறோம். அப்படியானால் நம் அம்மா நிற்கும் சுவருக்குள் கேபிள் போடுவது யார்? கணக்குத் தெரிந்தவர்களா, தெரியாதவர்களா?

எஸ்.பி.எம். முடித்துவிட்டு என்ன படிப்பது என்று யோசிக்கும் தம்பி, தங்கைகளே, கைவேலை பிடித்திருந்தால் கூச்சப்படாமல் போங்கள். இயற்பியல் புத்தகத்தை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்த உறவினரை அடுத்த விசேஷத்தில் பார்த்தால் நானும் தயங்காமல் சொல்வேன்: "ஆமாம், வயர் இழுக்கத்தான் படிக்கிறேன்."