நாட்டு மருந்துப் பொட்டலத்தையும் காட்டுங்கள்

கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்கு வரும் பெண்களிடம் ஆங்கில மருந்துச் சீட்டை மட்டும் கேட்கிறோம். வீட்டில் உண்ணும் சூரணத்தைக் கேட்க மறந்துவிடுகிறோம். குறை எங்களுடையதே. கேட்டாலும், கடிந்துகொள்வோமோ என்று அஞ்சிச் சிலர் மறைக்கின்றனர்.

சில தாவரங்களில் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனைப் போல உடலில் செயல்படும் பொருள்கள் உள்ளன. 1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் குளோவர் என்னும் தீவனப் பயிரை மேய்ந்த செம்மறியாடுகள் சினை பிடிக்காமல் போனதற்கு இத்தகைய பொருளே காரணம். ஆனால் அவை நாள் முழுதும் அதையே மேய்ந்தவை. தோசை மாவில் சேரும் வெந்தயத்தைக் கண்டு எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

எங்கள் கவலை, மாதக்கணக்கில் உண்ணும் செறிந்த பொடிகளைப் பற்றியது. தண்ணீர்விட்டான் கிழங்கு பெண்களுக்கு நல்லதென்று பரவலாக உண்ணப்படுகிறது. கருத்தரிப்புக்கு ஹார்மோன் மருந்து எடுப்போரிடம் அது என்ன செய்யும் என்பதற்குப் போதிய மனித ஆய்வு இல்லை. மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்சிஃபென் உண்போர் எங்களைக் கேளாமல் அதைத் தொடவே வேண்டாம். அதிமதுரத்தில் வேறொரு சிக்கலும் உண்டு: இரத்த அழுத்தத்தை உயர்த்தும். கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்குமாறு பின்லாந்து அரசு 2016இல் அறிவுறுத்தியது.

அடுத்த முறை டப்பாவையே எடுத்து வாருங்கள். சித்த மருத்துவர் எழுதித் தந்ததாயின் அச்சீட்டையும் கொணருங்கள். பெயரில்லாப் பொட்டலமாயின், எங்கே, எதற்காக வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம்.