மணி அடிக்கிறது, பாடம் நடக்கிறதா?

நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் மணி தவறாமல் அடிக்கிறது. பதிவேட்டில் ஆசிரியர் கையெழுத்து இருக்கிறது. கரும்பலகைக்கு முன்னால் ஒருவர் நிற்கிறார். ஆனால் அவர் நடத்தும் பாடம் அவர் படித்துத் தேறிய பாடம்தானா? இந்தக் கேள்வியை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

மும்பையில் நாம் நன்கு அறிந்த ஒரு தமிழ்வழிப் பள்ளி. பெயர் வேண்டாம், ஒரு பள்ளியைக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. அங்கே வரலாறு படித்துவிட்டு வந்த ஆசிரியை ஏழாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறார். தமிழாசிரியர் மராத்தியும் எடுக்கிறார். கணக்கு எடுக்கும் அந்த அம்மையார் இரவில் கைடை வைத்துக்கொண்டு மறுநாள் கணக்குகளைத் தாமே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருகிறார். அவரைக் குறைகூற நமக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒரு பிள்ளை எழுந்து, “வேறு வழியில் போட்டால் விடை வராதா, டீச்சர்?” என்று கேட்டால், கைடில் இருக்கும் வழியைத் தவிர அவருக்கு வேறு வழி தெரியாது. “உட்கார், சொன்னபடி போடு” என்கிறார். கேட்ட பிள்ளை மறுநாள் கேட்பதில்லை. அடுத்த ஆண்டு, “எனக்குக் கணக்கு வராது” என்று வீட்டில் சொல்கிறது. நாமும் நம்பிவிடுகிறோம். “நம்ம தலையில் இவ்வளவுதான் எழுதியிருக்கு” என்று பெருமூச்சு விடுகிறோம்.

தலையில் எழுதியதல்ல இது. கால அட்டவணையில் எழுதியது!

உழைக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெல்டரைக் கூப்பிட்டு, “இன்று ஒயர்மேன் வரவில்லை, நீ கம்பி இழு” என்று மேஸ்திரி சொன்னால் என்ன நடக்கும்? வெல்டர் கெட்டிக்காரர்தான். ஆனால் அந்த வேலை அவர் கற்ற வேலையன்று. விபத்து நேர்ந்தால் பழி அவர் மேல் விழும்; ஆள் வைக்காத முதலாளி தப்பித்துக்கொள்வார். பள்ளியிலும் கதை அதுதான். அங்கே விபத்து உடனே கண்ணுக்குத் தெரியாது. பத்தாம் வகுப்புத் தேர்வில்தான் தெரியும்.

இது தமிழ்வழிப் பள்ளிகளின் தனிக்குறை என்று யாரும் எண்ண வேண்டாம். மும்பை தேவனாரில் இருக்கும் டாடா சமூக அறிவியல் கழகம் 2023-இல் ஆசிரியர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பல மாநிலங்களில் ஆய்ந்த அந்த அறிக்கையின்படி, கணிதம் கற்பிப்போரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் கல்லூரியில் கணிதம் படிக்காதவர்கள். நோய் நாடு முழுவதும் இருக்கிறது. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பிள்ளையை, டியூஷனுக்குப் பணம் இல்லாத பிள்ளையை அது முதலில் பிடிக்கிறது. அந்தப் பிள்ளை யாருடைய பிள்ளை? தோல் பட்டறையிலும் கட்டட வேலையிலும் வீட்டு வேலையிலும் நாள் முழுவதும் உழைத்துவிட்டு இரவில் வீடு திரும்பும் நம்முடைய பிள்ளை.

சட்டம் என்ன சொல்கிறது?

2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை தெளிவாகச் சொல்கிறது: ஆறு முதல் எட்டு வகுப்புகள் வரை, அறிவியலுக்கும் கணிதத்திற்கும் ஓர் ஆசிரியர், சமூகவியலுக்கு ஓர் ஆசிரியர், மொழிகளுக்கு ஓர் ஆசிரியர் கட்டாயம் இருக்க வேண்டும். 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பதும் அதே அட்டவணையில் இருக்கிறது. ஆசிரியர் தகுதித் தேர்வும் இந்தப் பிரிவைப் பின்பற்றுகிறது. ஆறு முதல் எட்டு வரை கற்பிக்க எழுதும் இரண்டாம் தாளில் கணித, அறிவியல் ஆசிரியருக்குத் தனிப் பகுதி, சமூகவியல் ஆசிரியருக்குத் தனிப் பகுதி. தேர்வுக்கூடத்தில் பிரித்துப் பார்த்தவர்கள், பள்ளிக்கூடத்தில் ஏன் கலந்து கட்டுகிறார்கள்?

காரணம் உண்டு. பணியிடங்களைக் கணக்கிடும்போது தலையை எண்ணுகிறார்கள், பாடத்தை எண்ணுவதில்லை. பிள்ளைகள் குறைந்தால் ஓர் ஆசிரியர் ‘உபரி’ ஆகிறார். அவர் வேறு பள்ளிக்குப் போகிறார். அவர் நடத்திய பாடம் போகுமா? போகாது, அது மீதியிருப்பவர் தலையில் ஏறுகிறது. ஓய்வு பெற்றவர் இடம் நிரப்பப்படாவிட்டாலும் இதே கதிதான். இப்படிக் காலியிடம் கால அட்டவணைக்குள் ஒளிந்துகொள்கிறது. மேலே போகும் தாளில் எல்லா வகுப்புக்கும் ஆள் இருப்பதாகத் தெரியும். பாடம் தளர்கிறது, பெற்றோர் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுகிறார்கள், எண்ணிக்கை இன்னும் குறைகிறது, இன்னோர் ஆசிரியர் உபரி ஆகிறார். இந்தச் சக்கரம் சுற்றிச் சுற்றித்தான் தமிழ்வழி வகுப்புகள் தேய்கின்றன.

சட்டத்திலும் ஓட்டை இல்லாமல் இல்லை. ‘மொழிகளுக்கு ஓர் ஆசிரியர்’ என்று எழுதியவர்கள் நம் பிள்ளைகளை நினைத்து எழுதவில்லை. மும்பையில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளை தமிழ், மராத்தி, இந்தி, ஆங்கிலம் என்று மொழிகளைச் சுமக்கிறது. இத்தனைக்கும் ஒருவரே போதும் என்றால், ஒன்றிரண்டு மொழிகளை அரைகுறையாகத்தான் நடத்த முடியும். பலியாவது பெரும்பாலும் மராத்திதான். மராத்தி நமக்குப் பகை மொழியன்று; நம் பிள்ளை இந்த மண்ணில் வாழப்போகும் மொழி. ரேஷன் அலுவலகமானாலும் காவல் நிலையமானாலும் வேலை விண்ணப்பமானாலும் அது வேண்டும். நம் தமிழ்வழிப் பள்ளிகளில் பலவும் ஏழு அல்லது எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகின்றன. அதன் பின் வேற்று மொழி வகுப்பில் போய் உட்காரும் பிள்ளை, தமிழில் சரியாகக் கணக்கும், ஒழுங்காக மராத்தியும் கற்றிராவிட்டால் அங்கே எப்படித் தாக்குப்பிடிக்கும்? ஒன்பதாம் வகுப்பில் படிப்பை விட்ட பிள்ளைகள் நம் தெருக்களில் இல்லையா?

“இதற்குத்தான் இங்கிலீஷ் மீடியத்தில் போடுகிறோம்” என்று சில அன்பர்கள் சொல்வார்கள். கட்டணம் கட்டிவிட்டால் கேள்வி கேட்க வேண்டியதில்லை என்று பொருளா? குறைந்த சம்பளத்திற்கு ஆள் வைக்கும் தனியார் பள்ளியில் அறிவியலை யார் எடுக்கிறார், அவர் என்ன படித்தார் என்று கேட்டுப் பாருங்கள். நோய் அங்கேயும் இருக்கிறது; சீருடை மட்டும்தான் வேறு.

நம் சமூகத்தவர் நடத்தும் பள்ளிகளுக்கும் ஒரு சொல். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்காக, கிடைத்த ஆளுக்குக் கிடைத்த பாடம் என்று நடத்தலாமா? சிறுபான்மை உரிமை பிள்ளைக்காக வந்தது. நிர்வாகத்தின் செலவைக் குறைக்க வந்ததன்று.

இனி, நம்மையே நாம் கேட்டுக்கொள்வோம். பொங்கல் விழாவுக்கு மேடை போடுகிறோம். தலைவர்களுக்கு மாலை போடுகிறோம். தமிழ் வாழ்க என்று முழங்குகிறோம். ஆனால் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த பள்ளி மேலாண்மைக் குழுவின், அதாவது ஷாளா வியவஸ்தாபன் சமிதியின், கூட்டத்திற்கு நம் சங்கத்தார் எத்தனை பேர் போயிருக்கிறோம்? அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அதிகாரம் நம் கையில் இருக்கிறது. நாற்காலி காலியாக இருக்கிறது. நடுப்பகலில் கூட்டம் வைத்தால் வீட்டு வேலைக்குப் போகும் தாய் ஒரு நாள் கூலியை இழந்து எப்படி வருவாள்? மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ கூட்டுங்கள் என்று கேட்பதே நம் முதல் கோரிக்கையாக இருக்கட்டும்.

பெற்றோர்களே, பள்ளிக்குப் போனால், “டீச்சர் வருகிறாரா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். “கணக்கு எடுப்பவர் யார்? அறிவியல் எடுப்பவர் யார்? மராத்தி எடுப்பவர் யார்? அவர்கள் எந்தப் பாடத்திற்கு நியமிக்கப்பட்டவர்கள்?” என்று கேளுங்கள். வாய்மொழியாகப் பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி எழுதிக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். குறை உறுதியானால் கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். மூன்று மாதத்திற்குள் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் நியாயம் கிட்டாவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பது சங்கக் கிளைகளின் கடமை.

புகாரில் ஒன்றை மறவாதீர்கள். ஆசிரியரின் பெயரை எழுதாதீர்கள்; காலியிடத்தின் பெயரை எழுதுங்கள். “இந்த அம்மையாரை மாற்று” என்பது நம் கோரிக்கையன்று. “இந்தப் பள்ளிக்குக் கணித ஆசிரியர் கொடு” என்பதே கோரிக்கை. பாடம் மாற்றித் தரப்பட்ட ஆசிரியரும் நம்மைப் போலவே மேலிடம் சொன்ன வேலையைச் செய்பவர்தான். அவரைப் பகைத்துக்கொண்டால் அதிகாரிகளுக்குக் கொண்டாட்டம். அவரையும் நம்மோடு சேர்த்துக்கொண்டால் கோரிக்கைக்குப் பலம்.

அரசிடமும் மாநகராட்சியிடமும் நாம் கேட்பவை இவை: ஆசிரியர் பணியிடங்களைத் தலைக்கணக்கோடு பாடக்கணக்கும் பார்த்து ஒதுக்க வேண்டும். தமிழ்வழிப் பள்ளிகளுக்கு மராத்தி கற்பிக்கத் தனி ஆசிரியர் வேண்டும். பிள்ளைகள் குறைந்த பள்ளிகளில், அருகருகே உள்ள இரண்டு மூன்று பள்ளிகளுக்குப் பொதுவாகப் பாட ஆசிரியரை அமர்த்த வேண்டும். வேறு வழியில்லாமல் ஒருவருக்குப் பாடம் மாற்றித் தந்தால், வகுப்புக்கு அனுப்பும் முன் பயிற்சி தர வேண்டும். அதற்கு ஒரு கால எல்லையும் வேண்டும்.

மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்தும் நகரம் இது. தமிழும் அவற்றில் ஒன்று. அந்தப் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் பலகையில் தமிழ் இருந்தால் மட்டும் போதாது. வகுப்பறையில் பாடம் இருக்க வேண்டும். கேள்வி கேட்டதால் வாயடைக்கப்பட்ட அந்தப் பிள்ளைக்காக நாம் வாய் திறப்போம். அடுத்த பள்ளிக்குழுக் கூட்டத்தில் நம் நாற்காலிகள் காலியாக இருக்கக் கூடாது.