படத்திற்குத் தீர்ப்பா, நிறத்திற்குத் தீர்ப்பா?

வழக்கொன்றை விசாரிக்கும் நீதிபதி முன்வைக்கப்பட்ட சாட்சியத்தை நோக்க வேண்டுமேயன்றி, வழக்காளி எவ்வினத்தவன் என நோக்குதல் ஆகாது. நீதிமன்றத்துக்குரிய இவ்விதி கலை விமர்சனத்துக்கும் உரியதே. 2013ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் வெளியான 'த பெஸ்ட் மான் ஹொலிடே' என்னும் திரைப்படத்திற்கு நேர்ந்ததை எண்ணும்போது, இவ்விதி எத்துணை எளிதில் மறக்கப்படுகிறது என்பது புலனாகும்.

1999இல் வெளிவந்த 'த பெஸ்ட் மான்' படத்தின் தொடர்ச்சி இது. இரண்டையும் எழுதி நெறியாள்கை செய்தவர் மல்கம் டி. லீ. கல்லூரித் தோழர்கள் பல்லாண்டுகளின் பின் நத்தார் விடுமுறையில் ஒரே வீட்டில் கூடுகின்றனர். பழைய மனத்தாங்கல் இன்னும் ஆறவில்லை. கேலியும் சிரிப்புமாகத் தொடங்கும் கதை, வீட்டுத் தலைவியைப் புற்றுநோய் பற்றியிருப்பது தெரிந்ததும் கண்ணீரில் தோய்கிறது. நடிகர்களிற் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். கதையோ நட்பு, துரோகம், மன்னிப்பு, மரணம் என்பவற்றைப் பற்றியது.

விமர்சகர் பலர் நடிகர்களின் இணக்கத்தைப் போற்றினர். வேறு சிலர், சிரிப்பும் சோகமும் ஒட்டவில்லை என்றும், உணர்ச்சி அளவு மீறியது என்றும் குறைகூறினர். அவர்களை நாம் நோகோம். விளையாட்டு வெற்றி, மரணம், மகப்பேறு ஆகிய மூன்றையும் இறுதிப் பகுதியிலேயே அடுக்கியிருப்பதைக் காண்போர் அங்ஙனம் கூறுதல் இயல்பே. அக்குறைக்குச் சாட்சியம் படத்தினுள்ளேயே இருக்கிறது.

ஆனால் நடந்தது அவ்வளவில் நிற்கவில்லை. ஏறத்தாழ 17 மில்லியன் டொலர் செலவில் உருவான இப்படம், முதல் வார இறுதியிலேயே சுமார் 30 மில்லியன் டொலர் ஈட்டி, 'தோர்' படத்துக்கு அடுத்த இடத்தைப் பெற்றது. அவ்வெற்றியை அறிவித்த 'யூ.எஸ்.ஏ. ருடே' பத்திரிகை, இதனை இனத்தைப் பொருளாகக் கொண்ட படங்களின் வரிசையிற் சேர்த்துத் தலைப்பிட்டது. கண்டனம் எழுந்தபின் தலைப்பு மாற்றப்பட்டது.

அதே ஆண்டு வெளிவந்த '12 இயர்ஸ் எ ஸ்லேவ்' அடிமை முறையின் கொடுமையைக் கூறுவது. அதனை இனம் பற்றிய படமென்பது பொருந்தும். நண்பர்கள் கூடி உண்டு, பிணங்கி, அழும் கதையை அவ்வாறு அழைப்பதற்கு நடிகரின் நிறமன்றி வேறு ஆதாரம் யாது? வெள்ளையர் நிறைந்த குடும்பக் கதை எதற்கேனும் இப்பெயர் சூட்டியதுண்டா?

இது வெறும் சொற்பிழையன்று. ஒரு சாராரின் துயரம் மனிதத் துயரமாகவும், மறுசாராரின் துயரம் அவர்தம் இனத்தின் துயரமாகவும் எழுதப்படுமாயின், பிந்தியவர் கதை பிறருக்குரியதன்று என்பதே வாசகர் கொள்ளும் பொருளாகும். ஒருவன் நெல்லை அளக்க ஒரு கொத்தும், அயலான் நெல்லை அளக்க வேறொரு கொத்தும் வைத்திருப்பவனை நம் விவசாயி களத்துக்குள் விடமாட்டான். விமர்சகரிடமும் நாம் கேட்பது அதுவே: குறையை வன்மையாகக் கூறுக, அளவை ஒன்றாக இருக்கட்டும்.