ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர்

கொல்கத்தாவில், பவானிபூர் ஜதுபாபு பஜார் பக்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேலாகக் குடியிருக்கிறேன். இந்த ஊர்க் குளிர் எனக்குப் பழகியதுதான். ஆனால் அந்த மார்கழியில், பாத்திரம் தேய்த்துவிட்டு நிமிர்ந்தால் விரல் நுனிகள் வெளுத்து, பிறகு நாவல்பழமாய்க் கறுத்தன. கணுக்காலில் செம்புள்ளிகள். தை பிறந்தபோது வலதுகால் சுண்டுவிரலில் ஆறாத புண்.

சர்க்கரை இல்லை. மூட்டுவாதம் என்றார்கள். கடைசியில் ஒரு டாக்டர்தான் கிரையோகுளோபுலின் சோதனை எழுதிக்கொடுத்தார். ரத்தத்தில் இந்தப் பெயருள்ள புரதங்கள் குளிர்ந்தால் நெய்போலப் படியும், சூடு பட்டால் கரையும். சிறு ரத்தநாளங்களைப் புண்ணாக்கி அடைக்கும். விரலும் பாதமும்தான் முதலில் குளிர்கின்றன, அடியும் அங்கேதான்.

வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்த பையன் குழாயை ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு போனான். 'இல்லை' என்று ரிசல்ட் வந்தது. எப்படி இருக்கும்? வழியிலேயே புரதம் உறைந்து ரத்தக்கட்டியோடு போய்விட்டால், மேலே தெளிந்த சீரத்தில் எதைத் தேடுவது? பையன்மேல் எனக்குக் கோபமில்லை. குளிரவைத்துக் கொண்டுவா என்றுதான் அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

வேறொரு லேபில் ஒரு தீதி, வாயகன்ற ஃபிளாஸ்கில் வெந்நீரை 37 டிகிரிக்கு ஆற்றி, வெறும் குழாயை முதலில் அதில் வைத்துச் சூடாக்கினார். ரத்தம் எடுத்ததும் மறுபடி அதிலேயே. சீரம் பிரியும்வரை அதே சூடு. அப்புறம்தான் 4 டிகிரி ஃபிரிட்ஜ். ஏழு நாள் வரை காத்திருக்க வேண்டும் என்றார். மூன்றாம் நாளே குழாயடியில் வெள்ளைப் படிவு. இப்படிப் படியும் என்று வின்ட்ரோப், பியூயல் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதியது 1933இல்!

இந்தப் புரதம் உருவாக எனக்குக் காரணம் ஹெபடைடிஸ் சி கிருமி. 1994இல் மாயவரத்தில் பிரசவத்தின்போது இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். தான ரத்தத்தில் அந்தக் கிருமியைச் சோதிப்பது நம் நாட்டில் கட்டாயமானது 2001இல். பன்னிரண்டு வார மாத்திரையில் கிருமி போயிற்று. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அந்த மாத்திரை இலவசம். சுண்டுவிரலின் நுனி மட்டும் போனது போனதுதான்.

சூடாகக் கொண்டுபோக வழியில்லாத லேப் இந்தச் சோதனைக்குப் பணம் வாங்கக் கூடாது. 'இல்லை' என்று எழுதினால், ரத்தம் எந்தச் சூட்டில் வந்தது என்பதையும் அதே காகிதத்தில் எழுத வேண்டும். டாக்டர்களிடம் ஒரு விண்ணப்பம்: விரல் கறுத்து வருகிற பெண்ணிடம், 2001க்கு முன் ரத்தம் ஏற்றினார்களா என்று கேளுங்கள். என்னிடம் முதல் எட்டு மாதம் யாரும் கேட்கவில்லை.